ஓர் அதிரசம் குறைந்த பலகை

என் மனைவி புஷ்பலதாவிடம் வேலை பார்க்கும் ஒரே தொழிலாளி நான்தான். பெயர் பத்துமலை. சம்பளம், பலகைக்கு ஒரு பண்டம். எந்தப் பண்டம் என்று நான் தேர்ந்தெடுக்க முடியாது. அவள் எடுத்துக் கொடுப்பதை வாயில் போட்டுக்கொண்டு, மறுபேச்சில்லாமல் வேனில் சாமான் ஏற்ற வேண்டும். லாரி ஓட்டுகிறவன் என்று வெளியில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அது ஈப்போவில், எங்கள் ஜெலாப்பாங் வீட்டு அடுப்படி வாசலோடு நின்றுவிடும்.

பலகை என்று நான் சொல்வது தின்பண்டப் பலகையை. லூமுட் கடற்கரையில் படகை வாடகைக்கு எடுத்து, பங்கோர் தீவை ஒரு சுற்று சுற்றி வருவது இப்போது ஈப்போக்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. அப்படிப் போகிறவர்களுக்கு வழியில் கொறிக்க ஏதாவது வேண்டும். அதை அகலமான மரப்பலகையில் அழகாக அடுக்கி, படகிலேயே வந்து பரிமாறுவது புஷ்பாவின் வார இறுதி வேலை. மற்ற நாள்களில் அவள் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களை விரட்டியது போக மிச்சமிருப்பதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து என்மேல் காட்டுகிறாள்.

ஊரடங்குக் காலத்தில் தொழிற்சாலையை மூடியிருந்தபோது கைப்பேசியில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பலகையைப் பார்த்தாள். நாலு துண்டு சீஸ், ஒரு கொத்துத் திராட்சை, காய்ந்த ரொட்டி. “இதப் போயி விருந்துன்னு சொல்றானுங்க. பசிக்கிறவன் பார்த்தா அழுதுருவான்லா” என்று சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் என் சனிக்கிழமைகள் பிழைத்திருக்கும். மறுவாரமே நாற்காலி மேசை செய்யும் ஒரு கடைக்குப் போய் ரப்பர் மரப்பலகைகளை அறுத்து வாங்கி வந்தாள். பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் தாத்தா காலமெல்லாம் பால் வெட்டியது இந்த மரத்தில்தான். அதன்மேல் என் மனைவி முறுக்கு அடுக்குவாள், அதை நான் தூக்கிக்கொண்டு அலைவேன் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் கத்தியை வீசிவிட்டுக் கப்பல் ஏறியிருப்பார்.

முதல் பயணமே கூத்தாகிவிட்டது. ஒரு பெண்ணின் பிறந்தநாள். பலகையில் ஓமப்பொடியைக் கோபுரம் மாதிரி குவித்து வைத்திருந்தாள் புஷ்பா. படகு துறையை விட்டு வெளியே வந்து வேகம் எடுத்ததுதான் தாமதம், கோபுரம் பறந்து பிறந்தநாள்காரியின் தலைமுடியில் குடியேறியது. அன்றைக்கு எடுத்த எல்லாப் படத்திலும் அந்தப் பெண் மஞ்சள் தூவியது போல இருப்பாள். நான் சிரித்துவிட்டேன். அதற்கான தண்டனையைச் சொன்னால் என் மானம் போகும். அதற்குப் பிறகு ஓமப்பொடி, கச்சான் கடலை, மிக்சர் எல்லாம் சின்னக் கிண்ணங்களுக்குள் போய்விட்டன. பலகை வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி வந்தது. நறுக்கிய கொய்யாவுக்குத் தனி மூடி வந்தது.

அவளுடைய குறும்புக்கும் குறைவில்லை. ஒரு முறை ஆபீஸ்காரர்கள் கூட்டம் ஒன்று வந்திருந்தது. சீஸ் பக்கத்தில் எங்கள் வீட்டு நெல்லிக்காய் ஊறுகாயை வைத்துவிட்டு, வாயில் வந்த ஏதோ ஒரு இத்தாலியப் பெயரைச் சொல்லிப் பரிமாறினாள். அவர்கள் சொக்கிப் போனார்கள். அடுத்த முறையும் அதுவே வேண்டும் என்று கேட்டபோது, தான் சொன்ன பெயர் அவளுக்கே மறந்துவிட்டது. “நீங்க ஏன் ஞாபகம் வச்சுக்கல?” என்று திட்டு எனக்குத்தான் விழுந்தது.

ஆனால் அவளுடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு. அதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுவேன். பலகையை அடுக்கி முடித்ததும், எல்லாரும் பார்க்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு பண்டத்தை எடுத்துவிடுவாள். அந்த இடம் காலியாகவே இருக்கும்.

“நம்ம ஆளுங்க மொத ஆளா கை வைக்க மாட்டாங்க. நீங்க எடுங்க, நீங்க எடுங்கன்னு ஒருத்தர ஒருத்தர் தள்ளிவிட்டுக்கிட்டே இருப்பாங்க. யாரோ எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சா போதும், அப்புறம் பாருங்க” என்பாள்.

அது பொய்த்ததே இல்லை. எந்தப் பலகையும் மிச்சத்தோடு வீட்டுக்குத் திரும்பியதில்லை. அப்படி எடுத்துவிடும் அந்த ஒரு பண்டம்தான் என் சம்பளம்.

இப்படி இருக்கும்போதுதான் சாந்தினி வந்தாள். அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். கலகலவென்று பேசுகிறவள், அன்றைக்கு எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“புஷ்பாக்கா, ஒரு போட் டிரிப் இருக்கு. பலகை வேணும். ஆனா சாதாரண டிரிப் இல்லக்கா.”

அவளும் பவித்ரனும் பல வருடமாகப் பழகுகிறார்கள். இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவர் பவித்ரனின் அத்தை மங்களம். பவித்ரனின் அம்மா அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பாவையும் மகனையும் சேர்த்து வளர்த்தது இந்த அத்தைதான். அப்பா சின்னையா அவருக்குத் தம்பி. தம்பி தலை நரைத்து ஓய்வு பெற்ற பிறகும், அக்கா முறைத்தால் டீயை அப்படியே கீழே வைத்துவிடுவார்.

“அவங்களுக்கு என்ன கோவம்?” என்று புஷ்பா கேட்டாள்.

“எல்லார்க்கும் சொல்லிட்டு அவங்களுக்குக் கடைசியா சொல்லிட்டாரு பவி, பயத்துல. அவங்களுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரவுங்களுக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. எங்க வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பொண்ண வீட்டுல இல்லாம வேற எங்கயாச்சும் வந்து பார்க்கிறேன், ஆனா பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாங்க.”

பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று முடிவாகும் வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்களில் இன்னும் பலர் இதை விடவில்லை. அதனால்தான் யாருடைய வீடாகவும் இல்லாத இடமாகப் பார்த்து சாந்தினி படகைப் பிடித்திருக்கிறாள்.

“பவி என்னா சொல்றான்?”

“அத்தை சாப்பிடாம தாலி கட்ட மாட்டாராம்.” சாந்தினியின் கண் கலங்கிவிட்டது. “நாங்க ஓடிப் போற ஆளு இல்லக்கா. நாங்க வைக்கிற பலகைல அவங்க எதையாச்சும் ஒண்ண எடுத்து வாயில வச்சா போதும். போட் திரும்பி வர்றதுக்குள்ள. அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன்.”

புஷ்பா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். அதைப் பார்த்தால் நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன்.

சனிக்கிழமை காலையில் வீடே மணத்தது. குட்டிக் குட்டியாக மசால் வடை. கட்டைவிரல் நீளத்துக்கு, உள்ளே உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப். தம்பூன் ஊர்ப் பம்ளிமாஸைச் சுளை சுளையாக உரித்து நடுவில் பூப்போல வைத்தாள். அதைச் சுற்றி வட்டமாக அதிரசம், ஒவ்வொன்றின் மேலும் வறுத்த எள். வெல்லம் அல்ல, தென்னம்பாளையிலிருந்து எடுக்கும் மலாக்கா சீனியில் பாகு காய்ச்சியது. கறுத்து, மினுமினுவென்று இருந்தது. பவித்ரனிடம் விசாரித்து வைத்திருந்தாளாம், மங்களம் அத்தைக்கு அதிரசம் என்றால் உயிர் என்று. எல்லாம் முடிந்ததும் வட்டத்திலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்தேன். கரண்டியைக் காட்டினாள். வேனை எடுக்கப் போனேன்.

லூமுட் படகுத்துறையில் இரண்டு குடும்பமும் ஒன்றை ஒன்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றன. பெண் பக்கம் சாந்தினியும் அவள் அப்பா அம்மாவும். பையன் பக்கம் பவித்ரன், சின்னையா, நடுவில் மங்களம் அத்தை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அது வேறு எதற்கோ வைத்திருக்கும் குடை என்று எனக்குப் பட்டது. நான் போய் வணக்கம் சொல்லி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பரவாயில்லை, நம்மிடமும் பார்க்க ஏதோ இருக்கிறது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படகுக்காரர் முகமது இப்ராஹிம் எங்களுக்குப் பழக்கமானவர். பிள்ளையார் சுழி போட்டது மாதிரி அவர் எப்போதும் முதலில் ஒரு வடையைக் கேட்பார். அன்றைக்கு அவரையும் புஷ்பா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

படகு கிளம்பியது. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. காற்று அருமையாக இருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. எல்லார் கண்ணும் மங்களம் அத்தைமேல், மங்களம் அத்தையின் கண் கடல்மேல். புஷ்பா பலகையை நடுவில் வைத்து மூடியை எடுத்தாள். அதிரச வாசம் படகு முழுக்கப் பரவியது.

“எடுத்துக்குங்க” என்றார் சாந்தினியின் அம்மா.

“அத்தை எடுக்கட்டும்” என்றான் பவித்ரன்.

“நான் வாரப்பவே சாப்பிட்டுட்டேன்” என்றார் அத்தை. பவித்ரன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அத்தை தொடாததால் சின்னையா தொடவில்லை. அவர் தொடாததால் பெண் வீட்டார் தொடவில்லை. பங்கோர் தீவின் பாதியைச் சுற்றிவிட்டோம். இருவாட்சிப் பறவை ஒன்று பறந்தது, யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. புஷ்பாவின் தொழில் ரகசியம் முதல் முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அவள் என்னருகில் நின்று முந்தானையை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சாந்தினியைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தீவைச் சுற்றி முடித்து இப்ராஹிம் படகைத் துறைப் பக்கம் திருப்பினார். அப்போதுதான் மங்களம் அத்தை பலகையை முதல் முறையாக நேராகப் பார்த்தார். குடை நுனியால் காலி இடத்தைக் காட்டினார்.

“இங்க ஒரு அதிரசம் கொறையுது. யாரு எடுத்தது?”

எல்லாரும் காலி இடத்தை எட்டிப் பார்த்தார்கள்.

“நாங்க எடுக்கலீங்க” என்றார் சாந்தினியின் அப்பா அவசரமாக.

“நான் ஸ்டியரிங்க விட்டே நகரலம்மா” என்றார் இப்ராஹிம்.

நான்தான் தின்றேன் என்று சொல்லி இந்த வம்பை முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் கால் பெருவிரல்மேல் புஷ்பாவின் குதிகால் இறங்கியது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

“கேக்கிறேன்ல? யாரு?”

சின்னையா தொண்டையைச் செருமினார். மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவர் சாந்தினியையும் ஒரு முறை பார்த்தார்.

“நான்தான்க்கா” என்றார்.

அத்தை மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

“நீயா?”

“ஆமாக்கா. பசிச்சுச்சு.”

“எப்ப?”

“நீங்க கடலப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

“சரி. எப்படி இருந்துச்சு? வெல்லத்துல செஞ்சதா, மலாக்கா சீனில செஞ்சதா?”

சின்னையா விழித்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? தின்றவன் நானல்லவா. அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நான் இரண்டு கையையும் உயர்த்தித் தென்னை மரம் காட்டினேன். கையை ஓலை மாதிரி ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. தேங்காய் விழுவது மாதிரி காட்டினேன்.

“தேங்கா...” என்றார் சின்னையா.

“அதிரசத்துல தேங்காயா?”

“இல்லக்கா, தேங்கா மரம்... மலாக்கா சீனிக்கா! மலாக்கா சீனிதான். நல்லா மணமா இருந்துச்சு.”

அத்தை சட்டென்று பின்னால் திரும்பினார். நான் தூக்கிய கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். என் தலையில் தொப்பி இல்லை.

“மாப்பிள வீட்டுப் பெரியவரு சாப்பிட்டுட்டாரு. அப்புறம் என்னா, முடிஞ்சுச்சுலா” என்று முன்பக்கத்திலிருந்து இப்ராஹிம் யாரும் கேட்காமலே தீர்ப்பு சொன்னார்.

மங்களம் அத்தை தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியும் இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை. அத்தை குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“இவனே சாப்பிட்டுட்டான். இனி நான் ஒருத்தி பட்டினி கெடந்து என்னா ஆகப் போவுது? அந்த அதிரசத்த எடு.”

பவித்ரன் எடுத்துக் கொடுத்தான். அத்தை அதைப் பாதியாகப் பிட்டு, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைச் சாந்தினியிடம் நீட்டினார். “நீயும் தின்னு. மொகத்தப் பாரு, காஞ்சு போயி கெடக்கு” என்றார். அவ்வளவுதான், சாந்தினி அழுதாள், அவள் அம்மா அழுதார், நான் மூக்கைச் சிந்தினேன். பிறகு ஆளாளுக்குப் பலகைமேல் பாய்ந்தார்கள். இப்ராஹிம் ஒரு கையால் படகை ஓட்டிக்கொண்டு மறுகையில் வடையோடு வந்தார். அத்தை மட்டும் அதிரச வட்டத்தில் பெரும்பகுதியை முடித்துவிட்டார். துறைக்கு வந்து சேர்ந்தபோது பலகையில் அடியில் விரித்த வாழையிலை மட்டும் இருந்தது.

எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் புஷ்பாவும் பலகையையும் மற்றச் சாமான்களையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மங்களம் அத்தை குடையை ஊன்றிக்கொண்டு தனியாக எங்களிடம் வந்தார்.

“அதிரசம் வச்ச பலகை இது ஒன்னுதானே?”

“ஆமாம்மா” என்றாள் புஷ்பா.

“ஒம் புருசனுக்குப் பல்லுல எள்ளு ஒட்டியிருக்கு. காலைல வணக்கம் சொல்றப்பவே பார்த்தேன்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து மூடி வைத்திருக்க வேண்டிய வாய் அது. புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஒருவர் முன்னால் தலை குனிந்து நான் பார்த்தது வாழ்க்கையிலேயே அது முதல் முறை.

“தெரிஞ்சும் ஏம்மா அவர அப்படிக் கேட்டீங்க?” என்று கடைசியில் அவள் கேட்டாள்.

“சத்தியம் பண்ணித் தொலச்சிட்டேன். எறங்கி வரணும்னா ஒரு படி வேணும்ல? எங்க ஆளுல யாராச்சும் ஒருத்தன் ஆமான்னு சொல்வானான்னு பார்த்தேன். பவி சொல்வான்னு நெனச்சேன். இவன் சொல்வான்னு நெனக்கல.”

தூரத்தில் சின்னையா மருமகளாகப் போகிறவள் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்த்தபடியே பேசினார்.

“எங்க அம்மா போனதுலேர்ந்து அவன் எனக்குக் குடுக்காம ஒரு பிஸ்கட்கூட தின்னதில்ல. அவனாவது, எனக்குத் தெரியாம அதிரசம் எடுத்துத் தின்கிறதாவது! எனக்கு எதிரா அவன் பேசின மொதப் பொய் இதுதான். மவனுக்காகப் பேசிட்டான். நல்லா இருக்கட்டும்.”

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

“நிச்சயத்துக்கும் நீதான் பலகை வைக்கணும். இதே மாதிரி ஒன்னக் கொறச்சு வையி. ஆனா எடுத்தத இவருக்குக் குடுக்காத. எனக்கு எடுத்து வையி.”

“சரிங்கம்மா” என்றாள் என் மனைவி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஜெலாப்பாங் வரும் வரை நான் அவளோடு பேசவில்லை. வேன் கண்ணாடியில் பல்லைப் பார்த்தேன். எள் இன்னும் அங்கேயேதான் இருந்தது.